எங்கள் கொட்டகை வாடகைக்குப் போன நாள்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. அதன்பிறகு ஓரிடத்தில் ஒரு வருடம் முழுசாக இருந்ததில்லை. திருப்பூரில் துணி மடித்தேன். மூணாறுப் பக்கம் லாட்ஜில் படுக்கை விரித்தேன். லோயர் கேம்ப்பில் டீ ஆற்றினேன். அங்கே டீக்கடைக்காரர் கடையை மச்சினனுக்குக் கொடுத்துவிட்டுப் போனபோது, மச்சினன் என்னையும் சேர்த்து வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. இரண்டு நாள் பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் ஒரு லாரிக்காரர், மார்க்கையன்கோட்டையில் ஒருவர் மிஷின் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவதாகச் சொன்னார்.

மிஷின் என்றால் நெல் அவிக்கிறது, தேங்காய் உரிக்கிறது என்று ஏதாவது இருக்கும் என்று நினைத்துப் போனேன். முன்பு தேங்காய் போட்டுவைத்த தகரக் கொட்டகை அது. உள்ளே இரும்பு அலமாரிகளில் வரிசையாகக் கம்ப்யூட்டர் கார்டுகள். ஒவ்வொன்றிலும் மூன்று காற்றாடி. எல்லாம் சேர்ந்து போடுகிற இரைச்சலில் பேசினால் காதில் விழாது. அத்தனை மிஷினும் எதையும் அரைக்கவில்லை, உரிக்கவில்லை. வெப்பக் காற்றை மட்டும் பின்பக்கமாக வாய்க்காலை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தன.

என் வேலை தூசி தட்டுவது. நின்றுபோன காற்றாடியைச் சுண்டிவிடுவது. திரையில் ஓடுகிற எண்களில் சிவப்பாக ஏதாவது வந்தால் சொல்வது. சாப்பாடு வீட்டில், படுக்கை கொட்டகைக்குப் பின்னால். குளிர்காலத்தில் அந்தப் படுக்கை மாதிரி சுகம் கிடையாது. சித்திரையில் அங்கே ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

முதலாளி நல்ல மனிதர். வாழையும் தென்னையும் இருந்த குடும்பம். கம்ப்யூட்டர் படிப்பு பாதி படித்தவர். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டேன், அவர் கல்லூரியைப் பாதியில் விட்டார், அந்த அளவில் எங்களுக்குள் ஒரு மரியாதை இருந்தது. அவர் எடுத்துக்கொண்டிருந்தது கிரிப்டோ காசு. அதிலும் பெரிய காசு இல்லை. பெரிய காசை நம் கார்டுகளை வைத்து எடுக்க முடியாது என்று, யாருக்கும் தெரியாத ஒரு சின்னக் காசைப் பிடித்திருந்தார்.

"ஏலே, உலகம் முழுக்க இந்தக் காசுக்கு ஓடுற மிஷின் மொத்தம் பத்துன்னு வச்சுக்க," என்பார். "அதுல நாலு இங்கன இருக்கு, மார்க்கையன்கோட்டையில."

"மிச்ச ஆறு எங்கனண்ணே?"

"அது ரஷ்யா, பிரேசில்னு செதறிக் கெடக்கு."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வருத்தம்கூட இருக்காது. பத்துப் பேர்கூட மதிக்காத காசு என்று எனக்குத் தோன்றியது. பத்தில் நான்கு நம்முடையது என்று அவருக்குத் தோன்றியது.

ஒருநாள் சாப்பிடும்போது எனக்குப் பாடமும் எடுத்தார். எல்லா மிஷினும் சேர்ந்து ஒரே நோட்டை எழுதுகின்றன. யார் யாருக்குக் காசு கொடுத்தார் என்பதுதான் நோட்டில் இருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பூட்டு. பூட்டின் எண்ணை மிஷின்கள் குருட்டாம்போக்கில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். எவன் மிஷின் முதலில் திறக்கிறதோ அவன் பக்கத்தை எழுதலாம், அவனுக்குக் கொஞ்சம் புதுக் காசு கூலி. மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு பக்கம் விழும். ஒரே நேரத்தில் இரண்டு நோட்டு கிளம்பினால் எது நீளமோ அதுதான் நிஜம். குட்டை நோட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

"ஒருத்தன் வீட்டுக்குள்ள உக்காந்து ரகசியமா நீளமான நோட்டா எழுதிக் கொண்டாந்தா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அதுக்கு ஊர்ல இருக்கறதுல பாதிக்கு மேல மிஷின் அவன்கிட்ட இருக்கணும்லே. இருக்கறவன் எதுக்குத் திருடப் போறான்?"

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி, "நெறைய வச்சிருக்கறவுகதான நெறையத் திருடுறாக," என்று சொல்லிவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் அவரை மதினி என்பேன். அவர் என்னைக் கேலியாகக் கொழுந்தனாரே என்பார்.

மதினிக்கு அந்தக் கொட்டகை மேல் கோபம் இருந்ததாகச் சொல்ல முடியாது. அதை ஒரு வேலையில்லாத மைத்துனரைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். அவருக்கு வேறொரு மிஷின் தேவைப்பட்டது. மாவு மில். சின்னமனூரில் சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் ஒருவர் வயதாகிவிட்டது என்று தன் மாவு மில்லை இடத்தோடு விற்கப்போவதாக இருந்தார். மதினி அவரிடம் பேசி, அந்த மாதம் முடிவதற்குள் பணத்தோடு வருவதாக வாக்கும் கொடுத்திருந்தார். பணத்துக்குப் பதில் மதினியிடம் இருந்தது நான்கு மூட்டை ஏலக்காய். அவர் அப்பா எழுதிக்கொடுத்த ஒன்றரை ஏக்கர், மலைமேல். பறிப்புக்கு ஆள் கிடைக்காத வாரங்களில் ஆள் ஏற்றுகிற ஜீப்பில் தானே ஒருத்தியாக ஏறிப்போய்ப் பறித்துவிட்டு வருவார். விலை ஏறட்டும் என்று இரண்டு வருடமாகச் சேர்த்து, உள்ளறையில் பாலித்தீன் உறை போட்டுக் கட்டி வைத்திருந்தார். அந்த வீட்டில் சட்டைகூட ஏலக்காய் மணக்கும். நான் கட்டிக்கொண்ட கைலி உட்பட.

வரும் வாரம் போடிக்கு ஏலத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தது. அதற்குள் முதலாளிக்கு ஒரு போன் வந்தது. எங்கிருந்தோ ஒருவர், நான்கு மூட்டையையும் எடுத்துக்கொள்கிறேன், போடி விலைக்கு மேலேயே தருகிறேன், ஆனால் அந்தச் சின்னக் காசாகத்தான் தருவேன் என்றார்.

முதலாளி அன்று சாப்பிடவில்லை. சந்தோஷத்தில். இத்தனை வருடத்தில் அந்தக் காசைக் கொடுத்து ஒரு தீப்பெட்டிகூட யாரும் வாங்கியதில்லை. கடைத்தெருவில் அவரை "ஆத்தா, காத்து விக்கிறவரு வாராரு" என்று கிண்டல் பண்ணுவார்கள். இப்போது ஒருவர், சாட்சாத் ஏலக்காயை, அந்தக் காசு கொடுத்து வாங்குகிறேன் என்கிறார்.

"காசு வந்ததும் அன்னைக்கே வித்து ரூபாயாக்கிருவேன்," என்றார் மதினியிடம்.

"நம்பிக்கையா வருமா?"

"வந்து இருபது பக்கம் எழுதுன பிறகுதான் மூட்டையக் கொடுப்போம். ஒரு பக்கம் எழுதுனாலே போதும்னு கொடுக்கறவன் உண்டு. நான் இருபது பக்கம் பாப்பேன். அதுக்கு மேல பாக்கணும்னா வந்தவரை அவமானப்படுத்துற மாதிரி."

மதினி உள்ளறையை ஒருதடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, "மில்லுக்காரருக்கு வாக்கு கொடுத்தது நான்," என்றார். அது சம்மதமா எச்சரிக்கையா என்று எனக்குத் தெரியவில்லை. முதலாளி சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஏலக்காய் வாங்குகிறவர் வரவேண்டிய நாள் காலையில் இன்னொரு யோகமும் சேர்ந்து வந்தது. மிஷின்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவதற்கென்று இன்டர்நெட்டில் ஒரு சந்தை உண்டு. யார் எடுக்கிறார்கள், எதற்கு எடுக்கிறார்கள் என்று தெரியாது. அவர்கள் சொல்கிற திசையில் நம் மிஷின் ஓடும், வாடகை வந்துவிடும். அன்று யாரோ எங்கள் கொட்டகை மொத்தத்தையும் ஆறு மணி நேரத்துக்கு, வழக்கத்தைவிடக் கூடுதல் வாடகைக்குக் கேட்டிருந்தார்கள்.

"எதுக்காம்ண்ணே?" என்றேன்.

"டிராக்டரை வாடகைக்கு விட்டா எந்த வயல், என்ன வெள்ளாமைன்னா கேக்குறோம்? மணிக்கு இம்புட்டுன்னு வாங்குறோம்ல."

எங்கள் பக்கம் அப்படித்தான். டிராக்டர், மருந்தடிக்கிற மிஷின், பந்தல் சாமான், கிணற்றுத் தண்ணீர் எல்லாம் மணிக்கணக்குத்தான். ஏன் என்று கேட்கிறவனுக்கு அடுத்த தடவை கிடைக்காது. நானும் கேட்கவில்லை.

பதினோரு மணிக்குக் கார் வந்தது. வந்தவர் வெள்ளைச் சட்டை, நாற்பது வயதிருக்கும், மெதுவான பேச்சு. மூட்டையைப் பிரித்துக் காட்டச் சொன்னார். ஒரு கை அள்ளிப் பார்த்தார், ஒன்றைக்கூட உடைத்து முகரவில்லை. ஏலக்காய் வாங்க வந்து உடைத்துப் பார்க்காத ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. மதினியும் அதைப் பார்த்தார்.

போனிலேயே காசை அனுப்பினார். சில நிமிடத்தில் முதலாளியின் போனில் தெரிந்தது. அந்தக் காசு ஏறிய பக்கத்தின் எண், கடைசி மூன்று இலக்கம், இருநூற்றுப் பன்னிரண்டு. இருநூற்று முப்பத்திரண்டு வரை பார்ப்போம் என்றார் முதலாளி கூச்சத்தோடு.

"தாராளமா பாருங்க," என்றார் வந்தவர். "எனக்கு அவசரமே இல்ல."

உட்கார்ந்து காபி குடித்தார். முறுக்கு சாப்பிட்டார். முதலாளி அவருக்கு அந்தக் காசின் எதிர்காலத்தைப் பற்றிச் சொன்னார். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். அந்த விஷயத்தை முழுசாகக் காது கொடுத்துக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

நான் கொட்டகைக்குப் போனேன். வாடகைக்குப் போனாலும் தூசி தூசிதான். தட்டிக்கொண்டே திரையைப் பார்த்தேன். எங்கள் திரையில் ஒவ்வொரு தடவையும் மிஷின் எந்தப் பக்கத்தின் பூட்டைத் திறக்கப் பார்க்கிறது என்று எண் வரும். வழக்கமாக நான் அதைப் படித்துக்கொண்டே இருப்பேன், வேறு படிக்க அங்கே ஒன்றும் இல்லை. அன்று வாடகைக்காரர் சொன்ன திசையில் ஓடுவதால் வேறு ஏதோ காசின் எண் வரும் என்று நினைத்தேன். பார்த்தால் நம் காசின் எண்தான். இருநூற்றுப் பதினெட்டு.

நம் மிஷினை வாடகைக்கு எடுத்து நம் காசையே எடுக்கிறானா, கூடுதல் வாடகை வேறு கொடுத்து, என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய் முதலாளியின் போனை எட்டிப் பார்த்தேன். அதில் இருநூற்றுப் பதினேழு. சரி, அடுத்த பக்கம்தானே மிஷின் திறக்கும். சரியாகத்தான் இருக்கிறது என்று திரும்பினேன்.

ஆனால் பக்கங்கள் அன்று மெதுவாக விழுந்தன. முதலாளிகூட, "இன்னைக்கு என்னமோ மந்தமா இருக்கு," என்று வந்தவரிடம் மன்னிப்புக் கேட்பது மாதிரிச் சொன்னார். வந்தவர் இன்னொரு முறுக்கு எடுத்துக்கொண்டார்.

ஒரு மணிநேரம் கழித்து மறுபடியும் பார்த்தேன். போனில் இருநூற்று இருபத்தாறு. கொட்டகைத் திரையில் இருநூற்று இருபத்தொன்பது.

போன் மெதுவாகக் காட்டுகிறதோ என்று காத்திருந்தேன். அது இருபத்தேழு ஆனது. திரை முப்பது ஆனது. உலகத்தில் யாருமே எழுதாத பக்கத்துக்கு அடுத்த பக்கத்தை எங்கள் மிஷின் எழுதிக்கொண்டிருந்தது.

நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆனால் எண் தெரியும். முன்பு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் நான் கேட்ட கேள்விக்குப் பதில் இப்போது தகரக் கொட்டகைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எவனோ ரகசிய நோட்டு எழுதுகிறான். எங்கள் மிஷினை வைத்து.

முதலாளியைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டேன். மதினி அடுப்படியில் இருந்தார். சொன்னேன். முதலாளி முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கொட்டகைக்குப் போய்த் திரையைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தபோது சிரிப்பு இல்லை.

"நாம நாலு," என்றார் மெதுவாக, விரலை மடக்கி. "மிச்சம் ஆறு. நம்மளை வாடகைக்கு எடுத்துட்டதால, நிஜ நோட்டு எழுதுறதுல நாலு குறைஞ்சிருச்சு. வெறும் ஆறு பேரு எழுதுறாக. அவன்கிட்ட சொந்தமா ஒரு மூணு இருந்தா, நம்ம நாலோட சேத்து ஏழு."

"ஏழு எழுதுறது ஆறை விட நீளம்," என்றேன்.

"ரகசிய நோட்டுல அந்தக் காசு எனக்கு வந்ததா இருக்காது. அவனே வேற கணக்குக்குத் தனக்கே அனுப்பிக்கிட்டதா எழுதியிருப்பான். மூட்டை கார்ல ஏறுன பிறகு அந்த நோட்டை வெளிய விடுவான். நீளமானதுதான் நிஜம். எனக்கு வந்த காசு வராமயே போயிரும்."

மதினி அடுப்பைச் சின்னதாக வைத்தார். "அப்ப இங்கன உக்காந்து முறுக்குத் திங்கிறது யாரு?"

முதலாளி கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"மிஷினை நிறுத்துங்க," என்றார் மதினி.

"ஆறு மணி நேரம்னு வாடகை வாங்கியாச்சு. நடுவுல நிறுத்துனா பேர் கெட்டுப்போகும். இதுவரைக்கும் ஒருத்தருக்கும் நான் நடுவுல நிறுத்துனதில்ல."

அவர் நிஜமாகவே அப்படி நினைத்தார். திருட்டுக்கு விட்ட டிராக்டரானாலும் பாதி வயலில் திரும்பக் கொண்டுவருவது அவருக்குக் கேவலமாகப் பட்டது. அதைவிட இன்னொன்றும் இருந்தது என்று பிறகுதான் புரிந்தது. நிறுத்தி, அவன் அந்த நோட்டை வெளியே விட்டால், அந்தக் காசை யார் வேண்டுமானாலும் கவிழ்க்கலாம் என்று உலகத்துக்கே தெரிந்துவிடும். நிறுத்தாவிட்டாலும் தெரியும். ஆனால் தெரிவதற்கு முன்னால் இன்னும் கொஞ்சநேரம் தெரியாமல் இருக்கலாம்.

"வாடகை டிராக்டர் நம்ம வாழைக்குள்ளயே ஏறி உழுதா, கூலி வாங்கிட்டோமேன்னு வரப்புல நின்னு பாத்துக்கிட்டு இருப்பீகளா?" என்றார் மதினி. சத்தமாகச் சொல்லவில்லை. "மாசம் முடிய மூணு நாள்தான் இருக்கு, பிறகு மில்லுக்காரரு வேற ஆளுக்குக் கொடுத்துருவாரு. கொழுந்தனாரே, நீ போயி நிறுத்திட்டு வா."

நான் முதலாளியைப் பார்த்தேன். சம்பளம் கொடுக்கிறவர் அவர், சோறு போடுகிறவர் மதினி. இரண்டுக்கும் நடுவில் நிற்பது எனக்குப் பழக்கம்தான், அன்றும் அங்கேயே நின்றேன்.

"அவன் போக வேணாம்," என்றார் முதலாளி. "நானே போறேன்."

கொட்டகை மெயின் சுவிட்ச் கதவோரம் இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு திரையை ஒருதடவை பார்த்தார். பிறகு கீழே இழுத்தார். காற்றாடிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து நின்றன. மாதக்கணக்கில் அந்த இரைச்சலுக்குள் இருந்தவனுக்கு அந்த அமைதி காது அடைத்த மாதிரி இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் அங்கே கேட்கும் என்பதே அன்றுதான் தெரிந்தது.

திரும்பி வந்து நாங்கள் எதுவும் நடக்காத மாதிரி உட்கார்ந்தோம். மதினி மூன்றாவது காபி கொண்டுவந்து வைத்தார்.

"அவசரம் இல்லைன்னீங்கள்ல," என்றார் வந்தவரிடம். "இன்னும் முப்பது பக்கம் பாத்துட்டுக் கொடுக்கலாம்னு இவுக சொல்றாக."

வந்தவர் காபியை வாயருகே கொண்டுபோனார். அவர் போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். எழுந்து வெளியே போனார். வேப்பமரத்தடியில் கொஞ்சநேரம் நின்றார். திரும்பி வந்து, "வீட்ல ஒரு அவசரம். இன்னொரு நாள் வாரேன்," என்றார்.

"அனுப்புன காசு?" என்றார் மதினி.

"அது இருக்கட்டுங்க."

கார் சின்னமனூர் ரோட்டில் திரும்புவதற்குள் முதலாளி போனைத் திறந்தார். பக்க எண் இரண்டு மூன்று எகிறிக் குதித்திருந்தது. ரகசிய நோட்டு வெளியே வந்துவிட்டது. எங்கள் மிஷின் நின்றதும், இன்னும் தாமதித்தால் நிஜ நோட்டு முந்திவிடும் என்று, அனுப்பிய காசையாவது மீட்க, இருக்கிற நீளத்தை அவசரமாக வெளியே விட்டிருந்தார்கள். முதலாளி தனக்கு வந்த காசு எங்கே என்று தேடினார். வந்ததாகவே இல்லை. காலையிலிருந்து ரஷ்யாவும் பிரேசிலும் எழுதிய பக்கங்களும் இல்லை. உள்ளறையில் நான்கு மூட்டையும் இருந்தன.

"நாலு நம்ம மிஷினுதான்லே," என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். "என் மிஷினே என் வீட்டுக்குள்ள களவாண்டிருக்கு, நான் வாடகை வேற வாங்கியிருக்கேன்."

சாயங்காலம் வாடகைச் சந்தையிலிருந்து ஒரு செய்தி வந்தது. எடுத்தவர் புகார் கொடுத்திருக்கிறார், மிஷின் பாதியில் நின்றுவிட்டது, நம்பிக்கையில்லாத ஆள், மற்றவர்கள் கவனமாக இருக்கவும் என்று. கொடுத்த வாடகையில் பாதியைத் திரும்பக் கேட்டிருந்தார்.

அன்று நடந்ததிலேயே முதலாளியை அதிகம் புண்படுத்தியது அதுதான். "நான் இதுவரைக்கும் ஒருத்தருக்கும்," என்று ஆரம்பித்தார். மதினி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பாதியத் திருப்பிக் கொடுத்துருங்க. பாவம், அவுகளுக்கும் இன்னைக்கு நட்டம்," என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முதலாளி என்னைக் கொஞ்சநேரம் முறைத்தார். பிறகு அவரும் சிரித்தார், ஆனால் பாதி வாடகையை நிஜமாகவே திருப்பி அனுப்பினார். அதை மதினியிடம் நான் சொல்லவில்லை.

மறுநாளே மூட்டைகளை வேனில் ஏற்றிப் போடிக்குப் போனோம். ஏலத்துக்கு முன்னால் மாதிரி பார்த்த வியாபாரிகள் ஒவ்வொருவரும் நாலைந்து காயை உடைத்து, முகர்ந்து, விதையை விரலில் நசுக்கி, தலையை ஆட்டி, ஒன்றும் சொல்லாமல் போனார்கள். மதினி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அத்தனை சந்தேகப்படுகிறவர்களைப் பார்த்து அவர் முகம் தெளிந்துவிட்டது. எதிர்பார்த்த விலைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் போனது. வாக்குக்குப் போதும்.

மில் அந்த வாரமே கைமாறியது. சின்னக் காசு அதற்குள் கேட்பாரற்றுப் போயிருந்தது. கார்டுகளை முதலாளி தேனியில் ஒரு கடைக்குக் கழற்றிக் கொடுத்தார். அந்தக் கடையில் அவை கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவர்களுக்குப் போகும் என்றார்கள். கொட்டகை காலியானதும் என் வேலையும் காலி. மதினி மில்லுக்கு வா என்றார். வரேன் என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் மட்டும் போனேன்.

இரண்டாம் நாள் ஒரு அம்மா கம்பு கொண்டுவந்து தந்துவிட்டுக் காத்திருந்தார். முதலாளி அரைக்கிற கல்லின் சூட்டைப் பார்க்கிறேன் என்று மிஷின் பக்கத்திலேயே குனிந்து நின்றார், தலைமுடியெல்லாம் மாவு. மதினி கம்பை அரைத்து, விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, போதாது என்று இன்னொரு தடவை விட்டார். அந்த அம்மாவும் எட்டி ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் நைசா வரட்டும்," என்றார்.

"வரும்," என்றார் மதினி. "நில்லுங்க."

நான் பையை எடுத்துக்கொண்டு கம்பம் பஸ்ஸுக்கு நடந்தேன்.